வலிப்பைத் தூண்டும் மருந்துகளும் மூளையில் உலவும் ஒரு வாயுவும்

வீட்டில் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்துவிட்டால், அதைக் கண்ட குடும்பத்தாரின் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. மூளையில் கட்டியோ வேறு பெரிய கோளாறோ இருக்குமோ என்பது ஒன்று. இனி ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியிருக்குமோ என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை தேடும் மருத்துவர் முதலில் கேட்பதோ வேறொரு கேள்வியை: "கடந்த சில நாட்களில் என்னென்ன மருந்துகளை உட்கொண்டார்? வழக்கமாக உட்கொண்ட எதையாவது திடீரென நிறுத்தினாரா?"

இது சம்பிரதாயத்துக்காகக் கேட்கப்படும் கேள்வியன்று. வலிப்புக்கான காரணம் சில வேளைகளில் மூளையின் நிலையான கோளாறாக இராமல், வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள ஒரு மாத்திரையாகவோ, பூசை மாடத்தில் உள்ள ஒரு கற்பூர வில்லையாகவோ இருக்கக்கூடும். அவ்வாறாயின் சிகிச்சையும் வேறு. நோயாளியின் எதிர்காலமும் வேறு. மருந்துகள் எவ்வாறு வலிப்பைத் தூண்டுகின்றன, அதில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் சிறு மூலக்கூறின் பங்கு யாது, இவற்றை அறிவதால் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் என்ன பயன் ஆகியவற்றை இங்கே காண்போம்.

மருந்தால் வரும் வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு

மூளையிலுள்ள நரம்புச் செல்கள் மிகச் சிறிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பல செல்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் துடித்தெழுந்தால் அதுவே வலிப்பு. உடல் விறைத்து வெட்டி இழுப்பது அதன் ஒரு வடிவம். சில நொடிகள் வெறித்துப் பார்ப்பதும், காரணமின்றி உதட்டைச் சப்புவதும், முதியவர் ஒருவர் திடீரென மணிக்கணக்கில் குழம்பிக் கிடப்பதும் கூட அதன் வேறு வடிவங்களாக இருக்கலாம்.

நல்ல மூளையிலும் போதிய தூண்டுதல் இருந்தால் வலிப்பு வரும். இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும், சோடியம் குறைந்தாலும், நஞ்சு உட்சென்றாலும், சில மருந்துகள் அளவுக்கு மிஞ்சினாலும் வரும். இவற்றைத் தூண்டப்பட்ட வலிப்பு என்கிறோம். தூண்டுதல் எதுவுமின்றி 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரு முறை வலிப்பு வருவதையோ, ஒரே முறை வந்தாலும் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு மிகுதி என்று பரிசோதனைகள் காட்டுவதையோதான் வலிப்பு நோய் என்று கூறுகிறோம்.

இவ்வேறுபாடு நம் சமூகத்தில் மிக முக்கியமானது. ஒரு மருந்தின் விளைவாக ஒரே முறை வலிப்பு வந்த பெண்ணை "வலிப்பு நோய்க்காரி" என்று உறவினர் முத்திரை குத்திவிட்டால், அவளுடைய படிப்பும் திருமணமும் தடைபடுகின்றன. வலிப்பு நோயைத் திருமண முறிவுக்கான காரணமாகக் கூறிய சட்டப் பிரிவையே இந்திய நாடாளுமன்றம் 1999ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. உண்மையான வலிப்பு நோய் உள்ளவருக்கே அந்த முத்திரை அநீதி என்னும்போது, அந்நோயே இல்லாதவர் மீது அது விழலாகாது. தூண்டிய காரணம் விலகிவிட்டால், மருந்தால் வலிப்பு வந்த பெரும்பாலோருக்கு நீண்டகால வலிப்பு மாத்திரை தேவைப்படுவதில்லை.

மூளையின் முடுக்கமும் அடக்கமும்

மூளையில் செய்தி பரப்பும் வேதிப்பொருள்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே அறிந்துகொண்டால் போதும். குளூட்டமேட் என்பது நரம்புச் செல்லைத் துடிக்கத் தூண்டும். காபா என்பது அதை அமைதிப்படுத்தும். வயலுக்குத் திறந்துவிட்ட நீரை மடை அளவாகக் கட்டுப்படுத்துவதைப் போல, குளூட்டமேட்டின் வேகத்தைக் காபா கட்டுப்படுத்துகிறது. மடை உடைந்தாலும் வெள்ளம். நீர்வரத்து மிஞ்சினாலும் வெள்ளம்.

வலிப்பைத் தூண்டும் மருந்துகள் பெரும்பாலும் இவ்விரு வழிகளில் ஒன்றையே பின்பற்றுகின்றன. சில மருந்துகள் காபாவைக் குறைக்கின்றன, அல்லது அது வேலை செய்வதைத் தடுக்கின்றன. சில மருந்துகள் தூண்டலை மிகுவிக்கின்றன. வேறு சில, மூளையை நேரடியாகத் தொடாமல் இரத்தச் சர்க்கரையையோ சோடியத்தையோ குறைத்து, அதன் வழியாக வலிப்பை வரவழைக்கின்றன. தொடக்கம் எதுவாயினும், துடிப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பரவும் கட்டத்தில்தான் நைட்ரிக் ஆக்சைடு நுழைகிறது.

யார் இந்த நைட்ரிக் ஆக்சைடு?

ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த மிக எளிய மூலக்கூறு இது. வெளியுலகில் வாகனப் புகையில் காணப்படும் ஒரு மாசுப் பொருளாகவே இதை வெகுகாலம் அறிந்திருந்தனர். பல் மருத்துவத்தில் பயன்படும் "சிரிப்பூட்டும் வாயு" இதுவன்று. அது நைட்ரஸ் ஆக்சைடு. பெயர் ஒத்திருப்பினும் தன்மை முற்றிலும் வேறு.

நம் உடலே இவ்வாயுவைத் தயாரிக்கிறது என்பது 1980களில்தான் தெளிவாயிற்று. இரத்தக்குழாயின் உட்சுவர் ஏதோ ஒரு பொருளை வெளியிட்டுக் குழாயைத் தளர்த்துகிறது என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் காட்டினார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. 1992இல் "சயின்ஸ்" இதழ் இதை அவ்வாண்டின் மூலக்கூறாக அறிவித்தது. 1998இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது. நெஞ்சுவலிக்கு நாக்கினடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வேலை செய்வதும் இவ்வாயுவின் வழியாகத்தான்.

மூளையிலும் இது உண்டு. குளூட்டமேட் தாக்கும்போது நரம்புச் செல்கள் இதே தன்மையுள்ள ஒரு பொருளை வெளியிடுகின்றன என்பதை ஜான் கார்த்வெயிட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் எலியின் சிறுமூளைச் செல்களில் கண்டனர். ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இவ்வாயுவை உண்டாக்கும் நொதியை 1990இல் டேவிட் பிரெட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். இந்நொதியில் மூன்று வகைகள் உள்ளன: ஒன்று நரம்புச் செல்லிலும், ஒன்று இரத்தக்குழாயின் உட்சுவரிலும் இயங்குவது, மூன்றாவது, அழற்சியின்போது பெருமளவில் தோன்றுவது. மூன்றும் ஒரே வாயுவைத்தான் தருகின்றன. ஆயினும் இடமும் அளவும் மாறும்போது விளைவும் மாறுகிறது.

சுவர்களைக் கடந்து செல்லும் தூது

குளூட்டமேட் போன்ற தூதுப்பொருள்கள் ஒரு செல்லிலிருந்து புறப்பட்டு, அடுத்த செல்லின் மேலுள்ள ஏற்பி என்னும் குறிப்பிட்ட வாயிலில்தான் நுழைய முடியும். நைட்ரிக் ஆக்சைடுக்கு வாயில் தேவையில்லை. ஒரு வீட்டு அடுக்களையில் தாளிக்கும் வாசனை கதவைத் தட்டாமலே நாலு வீட்டுக்கும் பரவுவதைப் போல, அது செல்லின் சுவரை ஊடுருவிச் சுற்றிலுமுள்ள செல்களை எட்டிவிடும். சில நொடிகளிலேயே அது அழிந்தும் போகும். சேமித்து வைக்கவும் இயலாது. தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் உடல் அதைத் தயாரிக்கிறது.

அது உண்டாகும் முறை இது. குளூட்டமேட், என்எம்டிஏ எனப்படும் ஒரு வகை ஏற்பியைத் திறக்கிறது. அதன் வழியே கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. கால்சியம் அருகிலேயே காத்திருக்கும் நொதியை இயக்குகிறது. உடனே நைட்ரிக் ஆக்சைடு தோன்றுகிறது. அது செய்தி அனுப்பிய முந்தைய செல்லுக்கே திரும்பிச் சென்று, இன்னும் அதிகமாகக் குளூட்டமேட்டை வெளியிடச் செய்யலாம். நினைவாற்றலுக்கும் கற்றலுக்கும் இத்தகைய எதிர்த்தூது உதவுகிறது. ஆனால் வலிப்பின்போது இதுவே தீயை வளர்க்கும் காற்றாகிவிடக்கூடும்.

அதே வாயு இன்னொரு வேலையையும் செய்கிறது. தன்னை உண்டாக்கிய என்எம்டிஏ ஏற்பியிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் வேகத்தைத் தணிக்கவும் செய்கிறது. மேலும், துடித்துக்கொண்டிருக்கும் பகுதிக்கு இரத்தக்குழாய்களை விரித்து, ஆக்சிஜன் போய்ச் சேர உதவுகிறது. இவை காக்கும் செயல்கள். அகல் விளக்கை அணைக்கும் காற்றே கரி அடுப்பைக் கனலவும் வைக்கிறதல்லவா? நைட்ரிக் ஆக்சைடின் இயல்பும் அத்தகையதே.

சோதனைகள் சொல்வது என்ன?

இப்பங்கை ஆராய்ந்தவர்கள், எலிகளுக்கு வலிப்பூட்டும் பொருள்களைக் கொடுத்து, நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதைத் தடுத்தால் என்ன நேர்கிறது என்று பார்த்தார்கள். அவர்கள் மிகுதியாகப் பயன்படுத்திய பொருள்கள் மூன்று: பெண்டிலின்டெட்ரசோல், பைலோகார்ப்பின், கைனிக் அமிலம். முதலாவது காபாவின் வழியை அடைக்கிறது. இரண்டாவது கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாகப் பயன்படுவது. சொட்டாக விடும் அளவில் இந்த அச்சம் தேவையில்லை. மூன்றாவது ஒரு கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. குளூட்டமேட்டைப் போலவே செல்லைத் தூண்டுவது.

பெண்டிலின்டெட்ரசோலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1934இல் புடாபெஸ்ட் நகர மனநல மருத்துவர் லாஸ்லோ மெடுனா, கடும் மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைத்துக் குணப்படுத்த முயன்றார். அதற்கு அவர் முதலில் ஊசி மூலம் செலுத்தியது எண்ணெயில் கரைத்த கற்பூரம். பின்னரே பெண்டிலின்டெட்ரசோலுக்கு மாறினார். அச்சிகிச்சை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. மருந்து மட்டும் ஆய்வுக்கூடத்தில் தங்கிவிட்டது. நாம் பூசைக்கு ஏற்றும் கற்பூரம் எவ்வளவு வலிய வலிப்பூட்டி என்பதற்கும் இவ்வரலாறே சான்று.

இச்சோதனைகளின் முடிவுகள் ஒரே திசையில் அமையவில்லை. சிலவற்றில் நைட்ரிக் ஆக்சைடைத் தடுத்ததும் வலிப்பு தணிந்தது. வேறு சிலவற்றில் வலிப்பு கடுமையாயிற்று. எந்தப் பொருளால் வலிப்பு தூண்டப்பட்டது, எந்த வகை நொதி தடுக்கப்பட்டது, எவ்வளவு தடுக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறியது. நரம்புச் செல்லின் நொதியை மட்டும் தடுப்பதும், இரத்தக்குழாயின் நொதியையும் சேர்த்துத் தடுப்பதும் ஒன்றல்ல; பின்னதில் மூளைக்குச் செல்லும் இரத்தமும் குறைந்துவிடக்கூடும்.

வலிப்பு நெடுநேரம் நீடிக்கும்போது மற்றொரு தீங்கும் சேர்கிறது. களைத்த செல்களில் சூப்பர் ஆக்சைடு என்னும் கழிவு மிகுகிறது. அது நைட்ரிக் ஆக்சைடோடு இணைந்து பெராக்சிநைட்ரைட் என்ற கடுமையான பொருளாகிச் செல்லின் சுவரையும் புரதங்களையும் மரபுப் பொருளையும் அரிக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் அவசர சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. நேரம் செல்லச் செல்ல வலிப்பை அடக்குவதும் கடினமாகிறது.

அப்படியானால் நைட்ரிக் ஆக்சைடைத் தடுக்கும் ஒரு மாத்திரையைக் கொடுத்து வலிப்பை நிறுத்தலாகாதா என்று தோன்றலாம். இவ்வாயு மூளைக்கு மட்டும் உரியதன்று. இரத்த அழுத்தமும் இதயத்தின் இரத்த ஓட்டமும் இதை நம்பியுள்ளன. கிருமித் தாக்கத்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்த நோயாளிகளுக்கு நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் மருந்தொன்று கொடுத்துப் பார்க்கப்பட்டது. மருந்து பெற்றவர்களில் இறப்பு மிகுந்ததால் அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2004இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. எனவே இன்று வலிப்புக்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகள் காபாவை வலுப்படுத்துவன, துடிப்பின் பரவலைத் தடுப்பன ஆகியவையே. நைட்ரிக் ஆக்சைடு இன்னும் ஆய்வுக்கூடத்தின் பொருளாகவே உள்ளது.

வீட்டில் அறிந்திருக்க வேண்டிய மருந்துகள்

காசநோய் மருந்தான ஐசோநயசிட்: உலகிலேயே காசநோயாளிகள் மிகுதியாக உள்ள நாடு இந்தியா. 1950களில் சென்னையில் நடந்த ஆய்வில், வீட்டிலிருந்தபடி மாத்திரை உண்டவர்களும் மருத்துவ விடுதியில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர் என்று நிறுவப்பட்டது. அந்த மாத்திரைகளில் ஐசோநயசிட் முதன்மையானது. இன்றும் அது உயிர் காக்கும் மருந்தே. ஆனால் அளவு மிஞ்சினால் உடலிலுள்ள பி6 வைட்டமினின் செயலை முடக்கிவிடும். மூளை காபாவைத் தயாரிக்க அந்த வைட்டமின் இன்றியமையாதது. ஆகவே அடக்கும் சக்தி வற்றி, ஓரிரு மணி நேரத்துக்குள் கடும் வலிப்பு வரலாம். வழக்கமான வலிப்பு மருந்துகள் மட்டும் இதற்குப் போதாமல் போகலாம். பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமினை ஊசியாக மிகுந்த அளவில் செலுத்த வேண்டும். "வீட்டில் காசநோய் மாத்திரை இருக்கிறது, அதில் சில குறைகின்றன" என்று உறவினர் சொல்லும் ஒரு வாக்கியம் இங்கே உயிரைக் காக்கும். பரிந்துரைத்த அளவில் உண்பவருக்கு இவ்வபாயம் மிகவும் அரிது. மருந்துடன் தரப்படும் பி6 மாத்திரையை "வெறும் சத்து மாத்திரைதானே" என்று ஒதுக்காதீர்கள்.

கற்பூரமும் தைலங்களும்: கற்பூர வில்லையை மிட்டாய் என்று எண்ணிக் குழந்தைகள் விழுங்கிவிடுவதுண்டு. சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அத்தகைய குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வலிப்பின்போது அது மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். நேராக மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். நீலகிரித் தைலத்தை உட்கொடுப்பதும், கைக்குழந்தையின் மூக்கில் தடவுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

டிரமடால் என்னும் வலி மாத்திரை: மூட்டுவலிக்கும் அறுவைக்குப் பிந்தைய வலிக்கும் பயன்படுவது. அளவு மிஞ்சினாலும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தாலும் வலிப்பைத் தூண்டலாம். ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர் அதை மருத்துவரிடம் கூறாமல் இம்மாத்திரையை உண்ணலாகாது. 2018 முதல் இம்மருந்து இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. பிறருக்கு எழுதித் தந்த மாத்திரையை வாங்கி விழுங்குவது இதில் மிகவும் ஆபத்தானது.

ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின்: பயன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடைவெளி குறுகிய மருந்து இது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் உடலிலிருந்து இது வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். காய்ச்சலுக்கு வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது, ஆஸ்துமா மாத்திரையையும் அவரிடம் காட்டுங்கள்.

நுண்ணுயிர்க்கொல்லிகள்: பென்சிலின் மூளையில் நேரடியாகப் பட்டால் வலிப்பு வருகிறது என்பது 1940களிலேயே தெரிந்துவிட்டது. அது காபாவின் வாயிலை அடைக்கிறது. அதே குடும்பத்தைச் சார்ந்த செஃபெபைம், இமிபெனம் முதலியன சிறுநீரகம் பழுதுற்றவர் உடலில் தேங்கிவிடும். அத்தகையோருக்கு அளவைக் குறைத்தே தருகிறோம். இங்கே வலிப்பு வெட்டி இழுப்பதாக இல்லாமல், குழப்பமாகவோ அரைமயக்கமாகவோ மட்டும் தோன்றலாம். "நேற்று வரை நன்றாகப் பேசினார், இன்று எங்களையே தெரியவில்லை" என்று உறவினர் கூறுவது எங்களுக்குப் பெரிய தகவல். மேலும் இமிபெனம், மெரொபெனம் போன்றவை வால்ப்ரோயேட் என்னும் வலிப்பு மருந்தின் இரத்த அளவை வெகுவாகக் குறைத்துவிடும். வால்ப்ரோயேட் உண்பவர் மருத்துவமனையில் சேரும்போது அதை முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும்.

நிறுத்துவதால் வரும் வலிப்பு: உண்பதால் மட்டுமன்றி, திடீரென விடுவதாலும் வலிப்பு வரும். தூக்க மாத்திரைகளையும் வலிப்பு மாத்திரைகளையும் நெடுநாள் உண்டபின் ஒரே நாளில் நிறுத்தினால், காபாவின் துணை சட்டென விலகி மூளை கொந்தளிக்கும். மதுவும் அவ்வாறே. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்காகக் குடியைத் தொடர வேண்டும் என்பது பொருளன்று. மருத்துவர் மேற்பார்வையில் விட வேண்டும் என்பதே பொருள்.

இவை தவிர, இன்சுலினும் சில நீரிழிவு மாத்திரைகளும் சர்க்கரையைத் தாழ்த்தியும், இரத்த அழுத்தத்துக்கான சில நீர்ப்போக்கு மாத்திரைகள் சோடியத்தைக் குறைத்தும் வலிப்பை வரவழைக்கலாம். முதியோர், கைக்குழந்தைகள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பழுதுற்றோர், முன்பு தலைக்காயமோ பக்கவாதமோ கண்டோர், பல மருத்துவர்களிடம் பல மாத்திரைகள் பெறுவோர் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். நோயாளியைச் சுற்றியுள்ள கூரிய பொருள்களையும் சூடான பாத்திரங்களையும் அகற்றுங்கள். தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வெட்டி இழுப்பது ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும்.

கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. வலிப்புகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே ஓய்பவை; அந்நேரத்தில் இரும்பு கையில் இருந்ததால் அதற்குப் புகழ் சேர்ந்தது. வாயில் கரண்டியோ விரலோ நுழைக்க வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். முழு நினைவு திரும்பும்வரை நீரோ மாத்திரையோ புகட்ட வேண்டாம்.

வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடந்தாலும், நின்றபின் நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலும், வாழ்வில் முதன்முறையாக வந்ததாயினும், கருவுற்ற பெண்ணுக்கு வந்தாலும், மருந்தையோ நஞ்சையோ விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் 108ஐ அழையுங்கள். புறப்படும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்தும் தைலமும் உட்பட எதையும் மறைக்க வேண்டாம். கோபப்படுவதற்காக நாங்கள் கேட்பதில்லை.

அடிக்கடி கேட்கப்படும் ஐயங்கள்

"இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை உண்கிறேன். அது நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது என்கிறீர்கள். எனக்கு வலிப்பு வருமா? அதை நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள். பரிந்துரைத்த அளவில் உண்ணும் நைட்ரேட் மாத்திரை வலிப்புக்கான காரணமாகக் கருதப்படுவதில்லை. எலிச் சோதனைகளில் பேசப்படுவது, நரம்புச் செல்லின் அருகே அந்தக் கணத்தில் தோன்றி மறையும் வாயு. இதய மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி மிகும் அபாயமே உண்மையானது. சில வேளைகளில் இம்மாத்திரையால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம், அது வலிப்பன்று. உட்கார்ந்த நிலையில் மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள்.

"கீரையும் பீட்ரூட்டும் நைட்ரிக் ஆக்சைடை மிகுவிக்கும் என்கிறார்கள். வலிப்பு நோயாளி உண்ணலாமா?"

உண்ணலாம். உணவின் அளவில் வலிப்பு பற்றிய அச்சம் தேவையில்லை. சிறுநீரக நோய் உள்ளவர் பொட்டாசியத்தைக் கருதி உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளவும்.

"உடற்பயிற்சிக் கூடத்தில் ஆர்ஜினின் மாவு தருகிறார்கள். மகன் வலிப்பு மாத்திரை உண்கிறான். கொடுக்கலாமா?"

தவிர்ப்பதே நல்லது. இத்தகைய டப்பாக்களில் ஆர்ஜினினோடு மிகுந்த அளவில் காஃபினும் வேறு ஊக்கிகளும் கலந்திருக்கலாம். நைட்ரிக் ஆக்சைடு இருமுகம் கொண்டது என்று மேலே கண்டோம். அதைக் கூட்டவோ குறைக்கவோ நாமாக முயல்வதால் வலிப்பு நோயாளிக்குப் பயன் இல்லை. உறக்கத்தைக் கெடுக்கும் எதுவும் வலிப்பை வரவேற்கும்.

"என் உடலில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கலாமா?"

வலிப்பைக் கண்டறிய அத்தகைய இரத்தப் பரிசோதனை எதையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை. சர்க்கரை, சோடியம், கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, தேவைப்படின் மருந்தின் இரத்த அளவு, மூளை மின்பதிவு, ஸ்கேன் ஆகியவையே உதவுகின்றன.

"மருந்தால் ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. இனி அந்த மருந்தை எப்போதும் தொடக்கூடாதா?"

இது மருந்துக்கு மருந்து மாறும். அளவு மிஞ்சியதால் வந்ததெனில், சரியான அளவில் மீண்டும் தர இயலலாம். காசநோய் மருந்து போன்றவற்றில் அந்த முடிவு உயிர்ப் பிரச்சினை. மாற்று மருந்து உள்ளபோது மாற்றுவதே வழக்கம். எதுவாயினும் அந்நிகழ்வை உங்கள் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், மருந்தின் பெயர், அளவு, நாள் ஆகியவற்றோடு எழுதி வையுங்கள்.

இக்கட்டுரையைப் படித்த அச்சத்தில் எவரும் ஒரு மாத்திரையைக்கூடத் தாமாக நிறுத்திவிடலாகாது. இங்கே பெயர் கூறப்பட்ட மருந்துகள் அனைத்தும் உரிய அளவில் நாள்தோறும் எத்தனையோ பேரின் நோயைத் தீர்த்துக்கொண்டிருப்பவை. ஐயம் இருப்பின், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் உண்ணும் மருந்துகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை வரும்போது மருத்துவரிடமோ மருந்தகப் பொறுப்பாளரிடமோ காட்டுங்கள். இன்று மாலையே கற்பூர டப்பாவையும் மாத்திரைப் பெட்டியையும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.